கடினமான பாறைக்கு மென்மையான உலோகம்: வைரத் துளைமுனை வடிவமைப்பு, ஓர் எளிய அறிமுகம்

கடினமான பாறையைத் துளைக்க எப்படிப்பட்ட பிட், அதாவது துளைமுனை, வேண்டும் என்று யாரைக் கேட்டாலும், பாறையைவிடக் கடினமான பிட் வேண்டும் என்றுதான் பதில் வரும். அதில் பாதிதான் சரி. வைரம் பாறையைவிடக் கடினமாக இருந்தாக வேண்டும். அந்தக் கவலை நமக்கு இல்லை, எந்தப் பாறையும் வைரத்தை எட்டுவதில்லை. ஆனால் அந்த வைரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் உலோகம் இருக்கிறதே, அது பாறை கடினமாக ஆக மென்மையாகிக்கொண்டே போக வேண்டும். சொரசொரப்பான மணற்கல்லுக்கு உரமேறிய உலோகம். கண்ணாடிபோல் இறுகிய செர்ட் பாறைக்கு எளிதில் தேய்ந்து விடுகிற உலோகம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். தலைகீழாகத் தோன்றும் இந்த விதி ஏன் சரி என்பது பிடிபட்டுவிட்டால், வைர பிட் வடிவமைப்பின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். மற்றவை எல்லாம் இதைச் சுற்றி வருபவை.

முதலில் பாறை

ஒரு பாறை பிட்டுக்கு எவ்வளவு தொல்லை கொடுக்கும் என்பதை அறிய மூன்று குணங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஒன்று, அதிலுள்ள கனிமங்களின் கடினத்தன்மை. மோஸ் அளவுகோலில் ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, வைரம் 10. இந்த எண்களைப் பார்த்து வைரம் குவார்ட்ஸைவிட ஏதோ கொஞ்சம்தான் கூடுதல் என்று நினைத்துவிடக் கூடாது. மோஸ் எண் எது எதைக் கீறும் என்ற வரிசையை மட்டுமே சொல்லும். கூர்முனையை அழுத்திக் குழி பார்த்து அளக்கும் நூப் அளவுகோலில் குவார்ட்ஸ் ஏறக்குறைய 800. வைரம் 7,000-க்கும் மேல். சாதாரணத் துளைமுனைகளில் பயன்படும் டங்ஸ்டன் கார்பைடு இரண்டுக்கும் நடுவே, குவார்ட்ஸைப் போல இரண்டு மடங்கு அளவில் மட்டுமே நிற்கிறது. அதனால்தான் குவார்ட்ஸ் நிறைந்த பாறையில் கார்பைடு முனையைச் சுழற்றித் தேய்த்தால் அது சீக்கிரம் மழுங்கிவிடுகிறது.

இரண்டாவது, பாறையின் நசுக்கு வலிமை. வீடு கட்டும் கான்கிரீட் 20 முதல் 40 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நொறுங்கும். நல்ல கிரானைட் 100 முதல் 250 வரை தாங்கும். இறுகிய குவார்ட்சைட்டுகளில் சில 300-ஐத் தாண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: அரிக்கும் குணம். துளைக்கும்போது வெளிவரும் பாறைத்தூள் உலோகத்தை எவ்வளவு வேகமாகத் தேய்க்கிறது என்பதே இது. இங்கேதான் வேடிக்கை. தளர்வாக ஒட்டியிருக்கும் மணற்கல்லும், செர்ட் பாறையும் வேதியியல்படி ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் குவார்ட்ஸ்தான். ஆனால் மணற்கல் உடையும்போது கண்ணுக்குத் தெரியும் கூரான மணல்மணிகள் உதிர்கின்றன; அவை நீரோடு கலந்து உப்புத்தாள்போல உலோகத்தை அராவித் தள்ளுகின்றன. செர்ட்டில் உள்ள படிகங்களோ நுண்ணோக்கியில்தான் தெரியும் அளவு சிறியவை. அதிலிருந்து வருவது மாவு போன்ற தூள், அதுவும் மிகக் கொஞ்சமாக. உலோகத்தை அது தடவிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். ஒரே கனிமத்தால் ஆன இந்த இரண்டு பாறைகளுக்கும் நேரெதிரான இரண்டு பிட்டுகள் தேவைப்படுகின்றன.

பாறையில் விரிசல்கள் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உடைந்த பாறை பிட்டை உலுக்கும், வைரங்களைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும், உலோகத்தையும் கூடுதலாகத் தேய்க்கும்.

பிட் எப்படி இருக்கும்

கனிம ஆய்வில் பயன்படும் வைர பிட், சுழலும் குழாயின் நுனியில் மாட்டிய ஒரு வளையம். அது பாறையை வளைய வடிவில் அரைத்துக்கொண்டு இறங்க, நடுவே எஞ்சும் பாறை உருளை குழாய்க்குள் ஏறி நிற்கும். இதைத்தான் கோர் என்கிறார்கள். இந்தக் கோர்தான் புவியியலாளருக்கு வேண்டியது. துளை வெறும் வழி. பரவலாகப் புழங்கும் என்கியூ என்ற அளவை எடுத்துக்கொண்டால் துளையின் விட்டம் 75.7 மில்லிமீட்டர், கோரின் விட்டம் 47.6 மில்லிமீட்டர். இடையில் அரைபடும் வளையத்தின் அகலம் 14 மில்லிமீட்டர்.

வளையத்தின் முகப்பில் வைரம் இருக்கும் பகுதிக்குக் கிரவுன் என்று பெயர். பழைய முறையில் பெரிய இயற்கை வைரங்களைக் கிரவுனின் மேற்பரப்பில் ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். 1860களில் ஜெனீவாவைச் சேர்ந்த ஜார்ஜ் லெஷோ முதன்முதலில் செய்த வைரத் துளைமுனையும் அப்படித்தான். கார்பனாடோ எனப்படும் கருவைரங்கள் அதில் கையால் பதிக்கப்பட்டிருந்தன. அந்த வைரங்கள் மழுங்கினால் பிட்டின் கதை முடிந்தது. பதித்த வைரங்களைப் பிரித்தெடுத்துத் திருப்பிப் பதிக்க வேண்டும்.

இன்று மிகக் கடினமான பாறைகளுக்குப் பயன்படுவது வேறு வகை. அரை மில்லிமீட்டர் அளவிலான செயற்கை வைர மணிகளை உலோகத்தூளோடு கலந்து, கிரவுன் முழுவதும் உயரவாக்கில் நிரப்பிவிடுகிறார்கள். இதை உட்பொதி பிட் என்று அழைப்போம். வைரத்தைச் சூழ்ந்த உலோகத்தைத் துறையில் மேட்ரிக்ஸ் என்பார்கள். கிரவுன் தேயத் தேய உள்ளிருந்து புதிய வைரங்கள் தலைகாட்டும். ஆக, இந்த பிட் தேய்வதற்காகவே செய்யப்பட்டது. தேயாத உட்பொதி பிட் பாழான பிட்.

ஒரு வைர மணியின் வேலை

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். என்கியூ பிட்டின் வளையப் பரப்பு சுமார் 27 சதுர சென்டிமீட்டர். தண்ணீர் ஓடும் பள்ளங்களைக் கழித்தால் 22 என்று கொள்ளலாம். மேலிருந்து இரண்டு டன் எடை கொடுக்கிறோம் என்றால் சராசரி அழுத்தம் 9 மெகாபாஸ்கல்தான். 250 மெகாபாஸ்கல் தாங்கும் பாறையை இது அசைக்கக்கூட முடியாது.

ஆனால் எடை முகப்பு முழுவதிலும் பரவுவதில்லை. உலோகத்துக்கு மேலே எட்டிப்பார்க்கும் வைர மணிகளின் நுனியில் இறங்குகிறது. அப்படி ஒரே நேரத்தில் பாறையைத் தொடும் மணிகள் 4,000 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மணிக்கும் கிடைப்பது 5 நியூட்டன், அதாவது அரைக் கிலோ எடை. கூரான மணியின் நுனி 0.05 மில்லிமீட்டர் சதுரம் என்றால் அங்கே அழுத்தம் 2,000 மெகாபாஸ்கல். பாறையின் வலிமையைப்போல் எட்டு மடங்கு. நுனிக்கு அடியில் பாறை பொடிந்து நசுங்குகிறது, அதிலிருந்து நுண்விரிசல்கள் கீழே இறங்குகின்றன. மணி நகர்ந்து அழுத்தம் விலகும்போது பக்கவாட்டு விரிசல்கள் மேலெழுந்து சில்லுகளைப் பெயர்க்கின்றன. ஆயிரக்கணக்கான மணிகள், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று; ஒவ்வொரு மணியும் எடுப்பது அற்பம், ஆனால் பாறை இறங்கிவிடுகிறது.

இப்போது அதே மணியின் நுனி தேய்ந்து 0.2 மில்லிமீட்டர் அகலத் தட்டையாகிவிட்டது என்று வையுங்கள். எடை அதே அரைக் கிலோ. பரப்பு பதினாறு மடங்காகிவிட்டதால் அழுத்தம் 125 மெகாபாஸ்கலுக்கு விழுந்துவிடும். பாறையின் வலிமையில் பாதி. மணி இனி பாறைக்குள் இறங்காது, வழுக்கிக்கொண்டு போகும். தேய்ப்பதால் சூடு மட்டும் ஏறும், தட்டைப் பகுதி இன்னும் மினுமினுப்பாகும். எண்கள் தோராயமானவைதான், ஆனால் ஒரு பிட் சற்றுமுன் வரை இறங்கிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நின்றுபோவதன் சூத்திரம் இந்தப் பதினாறு மடங்கில் இருக்கிறது.

உலோகம் எதற்குத் தேய வேண்டும்

மழுங்கிய மணிக்குப் பதில் புதிய மணி வர வேண்டும். அதற்குப் பழைய மணி கழன்று விழ வேண்டும், அதன் கீழே உள்ள அடுத்த மணியை மூடியிருக்கும் உலோகம் விலக வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் செய்வது பாறைத்தூள். தூளும் நீரும் கலந்த குழம்பு வைரங்களுக்கு இடையே ஓடும்போது மேட்ரிக்ஸை மெல்ல அரித்துக்கொண்டே போகிறது.

நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் பிட்டின் முகப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் இந்த அரிப்பின் தடம் தெரியும். ஒவ்வொரு வைர மணிக்கும் முன்னால், அதாவது அது சுழலும் திசையில், ஒரு சிறு குழி. மணிக்குப் பின்னால் வால் நட்சத்திரத்தின் வாலைப்போல நீளும் ஓர் உலோக மேடு. ஓடிவரும் குழம்பு மணியில் மோதி இருபுறமும் பிரிவதால் பின்பக்கம் அரிக்கப்படாமல் தப்பிவிடுகிறது. அந்த வால்தான் மணிக்கு முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது. வால் நீளமாக, மணியின் முனை கூராக, மணியில் சிறு பகுதி மட்டும் வெளியே தெரிந்தால் பிட் ஆரோக்கியமாக இருக்கிறது. மணியில் பாதிக்குமேல் வெளியே வந்துவிட்டால் அது நிலைக்காது. தன் வேலையை முடிக்கும் முன்பே பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

மணற்கல்லில் அரிக்கும் தூள் ஏராளம். மென்மையான மேட்ரிக்ஸைப் போட்டால் இன்னும் கூர் மழுங்காத வைரங்கள் கொத்துக்கொத்தாக உதிரும். பிட் சில மீட்டரில் தீர்ந்துவிடும். அதனால் அங்கே உரமான உலோகம். செர்ட்டிலோ, நுண்மணிக் குவார்ட்சைட்டிலோ நிலைமை வேறு. வைரம் விரைவில் தட்டையாகிறது, ஆனால் வரும் தூளோ மிகக் கொஞ்சம், மிக மெல்லியது. அங்கே உரமான உலோகம் தேயாமல் அப்படியே நிற்கும். தட்டையான வைரமும் உலோகமும் ஒரே மட்டமாகி முகப்பு முழுக்கக் கண்ணாடிபோலப் பளபளக்கும். வழுவழுத்துப்போன அம்மியில் எவ்வளவு அரைத்தாலும் மசியாததுபோல, இதைப் பாறை மீது எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. ஆகவே, கொஞ்சமாக வரும் அந்த மெல்லிய தூளே அரித்துவிடும் அளவுக்கு மேட்ரிக்ஸை மென்மையாக்குகிறார்கள். வைரம் மழுங்கும் வேகமும் உலோகம் தேயும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். வடிவமைப்பு என்று நான் சொல்வது முக்கியமாக இந்த இரண்டு வேகங்களையும் பொருத்திவைப்பதைத்தான்.

மேட்ரிக்ஸின் தேய்மானத்தை எப்படிக் கூட்டுவது, குறைப்பது? பெரும்பாலான மேட்ரிக்ஸ்கள் டங்ஸ்டன் அல்லது டங்ஸ்டன் கார்பைடு தூளும், அதன் இடைவெளிகளை நிரப்பும் செம்பு சார்ந்த உலோகக் கலவையும் சேர்ந்தவை. கார்பைடின் அளவைக் கூட்டினால் அரிப்பைத் தாங்கும். குறைத்து வெண்கலம்போன்ற கலவையைக் கூட்டினால் எளிதில் தேயும். மிகக் கடினமான பாறைகளுக்கு, எளிதில் உதிரும் துகள்களை வேண்டுமென்றே கலந்து மேட்ரிக்ஸைப் பலவீனமாக்குவதும் உண்டு. ஓர் எச்சரிக்கை: ராக்வெல் கருவியில் அளக்கும் கடினமும் அரிப்பைத் தாங்கும் திறனும் ஒன்றல்ல. ஒரே ராக்வெல் எண் காட்டும் இரண்டு மேட்ரிக்ஸ்கள் அதே பாறையில் வெவ்வேறு வேகத்தில் தேயலாம். அட்டவணையில் உள்ள கடின எண்ணை மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

பல தயாரிப்பாளர்கள் தங்கள் பிட்டுகளுக்கு வரிசை எண் கொடுக்கிறார்கள். வழக்கமாக எண் ஏறினால் அது இன்னும் கடினமான பாறைக்கானது. அதாவது மேட்ரிக்ஸ் இன்னும் மென்மையானது. இந்த எண்முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் ஒருவருடைய 9-ஐ இன்னொருவருடைய 9-ஓடு ஒப்பிடக் கூடாது.

வைரத்தைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் 1954 டிசம்பரில் செயற்கை வைரம் உருவாக்கப்பட்டு, 1955 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஐந்தாறு கிகாபாஸ்கல் அழுத்தத்தில், 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில், இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உருகிய உலோகத்தின் உதவியோடு கிராஃபைட்டை வைரமாக்கும் முறை இது. விலை குறைந்தது ஒருபுறம் இருக்கட்டும். வடிவமைப்பாளருக்கு அதைவிடப் பெரிய லாபம், மணியின் அளவையும் வடிவத்தையும் உறுதியையும் கேட்டு வாங்க முடிந்ததுதான். உட்பொதி பிட் இன்றைய நிலைக்கு வளர்ந்தது அதற்குப் பிறகே.

கேட்டு வாங்கும்போது மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும்.

அளவு: பாறை கடினமாக ஆக மணி சிறியதாகும். பெரிய மணி ஆழமாகக் கடிக்க முடிந்தால்தான் அதன் உயரத்துக்குப் பயன் உண்டு. கடினப் பாறையில் ஒரு மணி இறங்கும் ஆழம் மைக்ரோமீட்டர் கணக்கில்தான். அங்கே பெரிய மணி பெரிய தட்டையாக மாறி உட்கார்ந்துகொள்ளும். சிறிய மணி மழுங்கியதும் சீக்கிரம் கழன்று அடுத்ததற்கு இடம் விடும். 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரையிலான மணிகள் இங்கே வழக்கம்.

செறிவு: ஒரு கன சென்டிமீட்டர் கிரவுனில் 4.4 காரட் வைரம் இருந்தால் அதைச் செறிவு 100 என்று கணக்கிடுகிறார்கள். கன அளவில் 25 சதவீதம். வைரம் கூடினால் பிட் நன்றாக ஓடும் என்று தோன்றும். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: அதே இரண்டு டன்னை 4,000 மணிகளுக்குப் பதில் 8,000 மணிகள் பங்குபோட்டால் ஒவ்வொன்றுக்கும் கால் கிலோதான். பாறை இறுக்கமானதாக இருந்தால் அது போதாது. அதனால் மிகக் கடினமான பாறைக்குச் செறிவைக் குறைக்கிறார்கள். பிட்டின் ஆயுள் கொஞ்சம் குறையும், ஆனால் இறங்கும். இறங்காத பிட்டின் நீண்ட ஆயுளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உறுதி: எண்முகமும் கனசதுரமும் கலந்த வடிவில் வளர்ந்த, குறையற்ற மணிகள்தான் அதிக மோதலைத் தாங்கும், விலையும் அவற்றுக்குத்தான் அதிகம். விரிசல் நிறைந்த கடினப் பாறையில் அவை தேவை. ஆனால் ஒரே சீராக இறுகிய பாறையில், உடையவே உடையாத மணி மெதுவாகத் தட்டையாகி வழுக்கத் தொடங்கும். சற்றே நொறுங்கும் இயல்புள்ள மணி நுனியில் சில்லு பெயர்ந்து புதிய கூரைக் காட்டும். விலை உயர்ந்த வைரம்தான் எப்போதும் சிறந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு சிக்கல், பிடிப்பு. உருகிய செம்பு வைரத்தின் மேல் ஒட்டிப் பரவாது. குளிரும்போது சுருங்கி நெருக்கிப் பிடிப்பதோடு சரி. மணிகளின் மேல் டைட்டேனியம் அல்லது குரோமியம் பூசினால், அது வைரத்தின் கார்பனோடு வினைபுரிந்து மெல்லிய கார்பைடு படலத்தை உண்டாக்கும். அந்தப் படலத்தை உலோகம் நன்றாகப் பற்றும். மென்மையான மேட்ரிக்ஸில் இது கூடுதல் உதவி.

உலையில்

கிராஃபைட்டால் செய்த அச்சில் வைரமும் உலோகத்தூளும் கலந்த கலவையை நிரப்பி, எஃகு உடலை அதன் மேல் பொருத்தி, செம்புக் கலவைத் துண்டுகளை வைத்து உலையில் ஏற்றுகிறார்கள். ஏறக்குறைய 1,000 டிகிரியில் செம்புக் கலவை உருகித் தூளின் இடுக்குகளில் ஊறி இறங்கி எல்லாவற்றையும் இறுக்கிவிடும். சூட்டோடு அழுத்தமும் கொடுத்து இன்னும் குறைந்த வெப்பத்தில் செய்யும் முறையும் உண்டு. வெப்பத்தைக் குறைக்கப் பாடுபடுவதற்குக் காரணம் வைரம்தான். காற்றுப் பட்டால் 700 டிகிரி அளவிலேயே அது எரியத் தொடங்கும். இரும்பும் கோபால்ட்டும் பக்கத்தில் இருந்தால் எளிதாகக் கிராஃபைட்டாக மாறும். செயற்கை வைரத்துக்குள் சிறைப்பட்டிருக்கும் உலோகத் துணுக்குகள் சூட்டில் விரிந்து மணியை உள்ளிருந்தே பிளக்கும்.

உலைக்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. பிட்டின் தரத்தைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. வைரத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.5 கிராம், டங்ஸ்டன் கார்பைடுக்கு 15.6. இரண்டையும் உலர்ந்த நிலையில் குலுக்கிக் கலந்தால் கனமான தூள் கீழேயும் வைரம் மேலேயும் பிரிந்துவிடும். ஓரிடத்தில் வைரம் குவிந்து, இன்னோரிடத்தில் வெறும் உலோகமாக இருந்தால், வெறும் உலோகம் இருக்கும் இடத்தில் முகப்பு பள்ளமாகத் தேயும், வைரம் குவிந்த இடம் மேடாக நின்று வழுக்கும். இதைத் தவிர்க்கப் பசைத்திரவம் சேர்த்துப் பிசைகிறார்கள். இன்னும் நுட்பமானவர்கள் ஒவ்வொரு வைர மணியைச் சுற்றியும் மேட்ரிக்ஸ் தூளால் ஓர் உறை கட்டிச் சிறு உருண்டையாக்கி, பிறகு அச்சில் நிரப்புகிறார்கள். உறைகளின் தடிப்பே மணிகளுக்கு இடையிலான தூரத்தைக் காத்துக்கொள்ளும்.

கிரவுனின் உருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முகப்பில் வட்ட வட்டமாக மேடு பள்ளம் வைத்தால் புது பிட் எளிதில் பாறையில் பதியும். கொஞ்ச நேரத்தில் அது தட்டையாகிவிடும். கிரவுன் உயரமானால் ஆயுள் கூடும், ஆனால் உயரமான துண்டுகள் ஒடியாமல் இருக்க அவற்றுக்கிடையே தாங்கல் வேண்டும். உள்விட்டமும் வெளிவிட்டமும் தேய்ந்தால் கோரும் துளையும் அளவு மாறிவிடும் என்பதால் அந்த ஓரங்களில் தனியாக உறுதியான வைரங்களைப் பதிக்கிறார்கள். முகப்பில் தண்ணீருக்கான பள்ளங்களை அகலமாக்கினால் பாறையைத் தொடும் பரப்பு குறைந்து, மணிக்குக் கிடைக்கும் எடை கூடும். கடினப் பாறைக்கு இதுவும் ஒரு வழி.

தண்ணீரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என்கியூ துளையில் குழாய்க்கும் துளைச்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 30 லிட்டர் அனுப்பினால் அந்த இடுக்கில் நீர் விநாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் தூளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். அது நின்றுவிட்டால் கிரவுன் மிகக் குறுகிய நேரத்தில் கருகி, உருகி, சில சமயம் கோரோடு ஒட்டிக்கொள்ளும்.

எல்லாக் கடினப் பாறைக்கும் உட்பொதி பிட்தான் என்பதில்லை. கோர் வேண்டாம், துளை மட்டும் போதும் என்றால், கார்பைடு குமிழ்கள் பதித்த சம்மட்டி பிட் கிரானைட்டை மளமளவென்று உடைத்துக்கொண்டு இறங்கும். எண்ணெய்க் கிணறுகளில் பெயர் பெற்ற பிடிசி (கார்பைடின் மேல் வைரத்தூளை இறுக்கி ஒட்டிய) வைரத் தகடுகளும் இப்போது கிரானைட்டுக்குள் நுழைந்துவிட்டன. அமெரிக்காவின் யூட்டா ஃபோர்ஜ் புவிவெப்பத் திட்டத்தில் அவற்றைக் கொண்டு துளைத்திருக்கிறார்கள். அவை அரைப்பதில்லை, சீவுகின்றன. சூடும் மோதலும்தான் அவற்றின் எதிரிகள். ஆனால் ஆழத்திலிருந்து முழுமையான கோர் வேண்டும் என்றால் பழைய முறையின் பலம் குறையவில்லை. ஜெர்மனியின் பவேரியாவில் விண்டிஷெஷென்பாக் என்னும் ஊரருகே 1987 முதல் 1989 வரை துளைக்கப்பட்ட 4,000 மீட்டர் முன்னோடித் துளையில், மெல்லிய வளைய வைர பிட்டுகளால் உருமாறிய பாறைகளைத் துளைத்துப் பெரும்பகுதிக்குக் கோர் எடுத்தார்கள்.

இயக்கும் கையும் வடிவமைப்பில் பங்காளி

சரியான பிட்டைத் தவறாக ஓட்டினால் அது தவறான பிட்டாகிவிடும். இங்கே நினைவில் வைக்கவேண்டிய ஒரே அளவு, ஒரு சென்டிமீட்டர் இறங்க எத்தனை சுற்று என்பது. உட்பொதி பிட்டுக்கு 80 முதல் 100 சுற்று நல்ல வரம்பு. நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டரை சென்டிமீட்டர் இறங்க வேண்டும். 80-க்குக் கீழே போனால் ஒவ்வொரு சுற்றிலும் பிட் அளவுக்கு மீறிக் கடிக்கிறது, மேட்ரிக்ஸ் வேகமாகத் தேயும். 100-க்கு மிகவும் மேலே போனால் கடிக்காமல் தடவுகிறது என்று பொருள், பளபளப்பு வந்துகொண்டிருக்கிறது. அப்போது சுற்றைக் குறைக்கலாம், எடையைக் கூட்டலாம்.

அதற்கும் மசியாவிட்டால் துளைக்குள்ளேயே பிட்டைத் தீட்டுகிறார்கள். தண்ணீரைச் சிறிது நேரம் குறைத்து, எடையைக் கூட்டி, பாறைத்தூளைத் தடிப்பான குழம்பாக்கி, அதைக்கொண்டே உலோகத்தை அரிக்கவைப்பது வழக்கமான முறை. நான் மேலே எச்சரித்த அதே தண்ணீரைக் குறைக்கும் வேலை இது. சில நொடிகள் தவறினால் பிட் கருகும். எடையை ஏற்றிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. குழாய்கள் வளைந்து துளை திசைமாறிப் போய்விடும். ஒரே பாறையில் திரும்பத் திரும்பத் தீட்ட வேண்டியிருந்தால் அது பிட்டை மாற்றச் சொல்லும் அறிகுறி: மேட்ரிக்ஸ் வரிசையில் இன்னும் ஒரு படி மென்மையானதற்குப் போக வேண்டும்.

எந்தப் படி என்பதைப் பழைய பிட்டின் முகம் சொல்லும். வெளியே எடுத்ததும் கழுவிவிட்டு விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக, வைரம் நெருடினால் தேர்வு சரி. கண்ணாடிபோல வழுக்கினால் மேட்ரிக்ஸ் மிக உரமானது, அல்லது எடை போதவில்லை. கிரவுன் சீராகத் தேய்ந்து, ஆனால் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்திருந்து, மணிகள் கழன்ற குழிகள் நிறையத் தெரிந்தால் உலோகம் மிக மென்மையானது. முகப்பில் வட்டமான ஆழ்ந்த பள்ளம் விழுந்திருந்தால் மேட்ரிக்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள். துளையடியில் கிடந்த ஓர் உலோகத் துண்டோ, கழன்ற வைரமோ அங்கே உருண்டுகொண்டிருந்திருக்கும். உள்விளிம்பு மட்டும் கரைந்திருந்தால் உடைந்த கோர் துண்டுகளை பிட் அரைத்திருக்கிறது. வெளிவிளிம்பு மட்டும் என்றால் அதிர்வையும், முந்தைய பிட் அளவு குறைந்து விட்டுப்போன துளையையும் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர்ப் பள்ளங்களின் ஓரம் வெடித்திருந்தால் பிட் அடியில் மோதியிருக்கிறது, அல்லது எடை வரம்பைத் தாண்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் குறித்துவைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மேட்ரிக்ஸையும் செறிவையும் சுற்று வேகத்தையும் ஒன்றாக மாற்றினால், அடுத்த பிட் நன்றாக ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.